சீமை எங்கே இருக்கிறது?

கோவில்பட்டியில் இருந்து எட்டயபுரம் போகும் சாலையில், நடுவழியில் பஸ்சை விட்டு இறங்கினேன். போக வேண்டிய கிராமம் சாலையை விட்டு உள்ளே இருந்தது. ஆவணி மாதத்து வெயில். இரு பக்கமும் கரிசல் காடு. உழுது போட்ட கறுப்பு மண், மழையைப் பார்த்துக் கிடந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டு இருந்த பெரியவர் ஒருவரைக் கேட்டேன்:

"தாத்தா, ஊர் எவ்வளவு தூரம்?"

"இந்தா, கூப்பிடு தூரந்தான் தம்பி. அந்தா ஒத்தப் பனை தெரியுதுல்லா? அதுக்கு அங்கிட்டு."

நடந்தேன். பனைமரம் பக்கத்தில் வருவதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அங்கே நின்று எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் ஊரில் யாருக்கும் கேட்காது. ஊர் இன்னும் ஒரு மைல் தள்ளி இருந்தது!

பெரியவர் பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள். தினமும் ஆட்டுக்குப் பின்னால் நடக்கும் அவருடைய கால்களுக்கு அது கூப்பிடு தூரம்தான். பஸ்சிலும் ரெயிலிலும் போய்ப் பழகிய என் கால்களுக்குத்தான் அது காத தூரம்.

தூரம் என்பதை மனிதன் முதலில் எதை வைத்து அளந்தான்? தன் உடம்பை வைத்துத்தான். குரல் எட்டினால் கூப்பிடு தூரம். கை வீசினால் கல்லெறி தூரம். பார்வை போனால் கண்ணுக்கெட்டிய தூரம். ஒரு நாழிகை நேரம், அதாவது 24 நிமிஷம், நடந்தால் போய்ச் சேரும் தூரத்துக்கு நாழிகை வழி என்று பெயர். ஏறக்குறைய ஒன்றரை மைல். அதற்கும் மேலே போனால் காதம். அது சுமார் 10 மைல் என்பார்கள்.

இங்கிலீஷ்காரர்களும் இப்படித்தான் அளந்தார்கள். "ஸ்டோன்ஸ் த்ரோ" என்று ஒரு பேச்சு அவர்களிடம் உண்டு. கல்லெறி தூரம் என்பதே அதன் பொருள். இரண்டு ஊர்களுக்கு நடுவே நேர் கோட்டில் எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டுமானால், "காகம் பறக்கிற வழியில் இத்தனை மைல்" என்பார்கள். நம் ஊர்க் காகம் நேராகப் பறந்து நான் பார்த்தது இல்லை. அவர்கள் ஊர்க் காகம் எப்படியோ!

உழவு சாலும் பர்லாங்கும்

பர்லாங்கு என்ற சொல் பெரியவர்களுக்கு நினைவு இருக்கும். கிலோ மீட்டர் வருவதற்கு முன்பு மூலை முடுக்கெல்லாம் பேசப்பட்ட அளவு அது. 8 பர்லாங்கு சேர்ந்தால் ஒரு மைல்.

அந்தச் சொல் எங்கே பிறந்தது தெரியுமா? வயலில் பிறந்தது! "பர்" என்பது உழவு சால். "லாங்" என்பது நீளம். ஏர் பூட்டிய மாடுகள் ஒரே மூச்சில் இழுத்துப் போகும் சாலின் நீளமே பர்லாங்கு. சால் முடிந்ததும் மாடுகள் நின்று இளைப்பாறும். பிறகு திரும்பும்.

மைல் என்பது இன்னும் பழையது. ரோமாபுரிச் சிப்பாய்கள் நடந்த நடை அது. அவர்களுடைய மொழியில் "மில்லே" என்றால் ஆயிரம். இடதும் வலதுமாக இரண்டு எட்டு வைத்தால் ஒரு நடை. ஆயிரம் நடை ஒரு மைல்.

பக்கத்தை அளக்க உடம்பு போதும். கால் போகாத, கண் எட்டாத தொலைவை எப்படிச் சொல்வது? அங்கேதான் சுவையான பேச்சுகள் எல்லாம் பிறக்கின்றன.

கறுத்த மரக்கட்டைக்கு அப்பால்

இங்கிலீஷ்காரர் ஒருவருக்கு ஓர் ஊர் மிகவும் தொலைவாகத் தோன்றினால், "டிம்பக்டுவில் இருக்கிறது" என்று சொல்வார். அப்படி ஓர் ஊர் உண்மையாகவே உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டில், சகாரா பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் உப்பும் தங்கமும் கைமாறிய சந்தை அது. பெரிய படிப்பாளிகள் வாழ்ந்த நகரம். ஆயிரக்கணக்கான கையெழுத்துச் சுவடிகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் இங்கிலீஷ் பேச்சில் அது "போய்ச் சேர முடியாத ஊர்" என்று ஆகிவிட்டது.

"பேக் ஆப் பியாண்ட்" என்று இன்னொன்று. அப்பாலுக்கும் பின்னால் என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் "பிளாக் ஸ்டம்புக்கு அப்பால்" என்பார்கள். எரிந்து கறுத்துப்போன மரத்தின் அடிக்கட்டை அது. வழி சொல்கிறவன் காட்டும் கடைசி அடையாளம். அதற்கு அந்தப் பக்கம் மனித நடமாட்டமே கிடையாது என்று எண்ணம். நம் பெரியவர் காட்டிய ஒற்றைப் பனைக்கும் இந்தக் கட்டைக்கும் என்ன வேறுபாடு? பனைக்கு அங்கிட்டு ஊர் இருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பட்டிக்காட்டை "பூன்டாக்ஸ்" என்பார்கள். இது பிலிப்பைன்ஸ் நாட்டுச் சொல். அங்கே "பூண்டோக்" என்றால் மலை. அமெரிக்கச் சிப்பாய்கள் அந்த நாட்டுக்குப் போனபோது சொல்லையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மலையில் குடியிருப்பவனுக்கு அது வீடு. சிப்பாய்க்கு அது உலகத்தின் கடைக்கோடி.

நமக்கும் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது. சினிமாவில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெரிய அதிகாரி, சின்ன அதிகாரியை மிரட்டுவார்: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!"

அந்தக் காடு எது? ராமநாதபுரத்தைச் சொல்வார்கள். விளாத்திகுளத்தைச் சொல்வார்கள். இந்தக் கரிசல் பூமியைத்தான் சொல்வார்கள். கரிசலில் "காடு" என்றால் மரம் அடர்ந்த காடு அல்ல. விதைக்கிற நிலம். "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றால் வேலைக்குப் போகிறார்கள் என்று பொருள். அதிகாரிக்குத் தண்டனையாகத் தெரிகிற காட்டில் ஒரு குடும்பம் பருத்தியும் சோளமும் உளுந்தும் போட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீர்க் கஷ்டம் உண்மைதான். கோவில்பட்டி மக்கள் குடிக்கும் தண்ணீர், தாமிரபரணியில் சீவலப்பேரிப் பக்கம் எடுத்துக் குழாய் வழியாகக் கொண்டு வரப்படுகிறது. அந்தத் தண்ணீருக்கு இந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு காத்து நின்ற கதையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஆனாலும், தன் ஊர் இன்னொருவர் வாயில் மிரட்டலாக வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் சுகமாக இராது.

ஒரு சொல்லின் பயணம்

தூரத்தைச் சொல்ல நம்மிடம் இருக்கிற பெரிய சொல் எது என்று கேட்டால், நான் "சீமை" என்பேன்.

சீமா என்ற வடசொல்லுக்கு எல்லை என்று பொருள். அதில் இருந்து வந்தது சீமை. முதலில் எல்லைக்கல்லைக் குறித்தது. பிறகு எல்லைக்கு உள்ளே இருக்கும் நாட்டைக் குறித்தது. சிவகங்கைச் சீமை, நெல்லைச் சீமை, கரிசல் சீமை என்கிறோம் அல்லவா? அதெல்லாம் நம் சொந்த மண். கப்பல் ஏறி வெள்ளைக்காரன் வந்தான். அவனுடைய நாட்டுக்கும் சீமை என்றே பேர் வைத்தார்கள். இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர் "சீமைக்குப் போனவர்" ஆனார்.

ஆக, பக்கத்தில் இருப்பதும் சீமை, ஏழு கடலுக்கு அப்பால் இருப்பதும் சீமை! இப்படி ஒரே சொல்லில் வீட்டையும் வெளிநாட்டையும் வைத்திருப்பவர்கள் நாம்.

கடல் கடந்து வந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பேரை ஒட்டினார்கள். மண்ணெண்ணெய்க்குச் சீமை எண்ணெய். பள்ளிக்கூடத்தில் எழுதும் வெள்ளைக் கட்டிக்குச் சீமைச் சுண்ணாம்பு. தட்டை ஓடு சீமை ஓடு. அது சீமையில் இருந்து வரவில்லை, மங்களூரில் இருந்து வந்தது. ஆனால் அதைச் செய்யக் கற்றுக் கொடுத்தவர்கள் ஐரோப்பியப் பாதிரிமார். அது போதும், பேர் ஒட்டிக்கொண்டது. சுதேசி இயக்கம் சூடு பிடித்த காலத்தில் சீமைத் துணி என்ற சொல்லுக்கே நெருப்பு வைத்தார்கள். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அந்தச் சூட்டில்தான். விடுதலையாகி வந்த பிறகு அவர் கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார்.

வேடிக்கையான பேர் ஒன்று சொல்கிறேன். சோதனைச் சாலைகளில் வளர்க்கும் சின்னப் பிராணி ஒன்று உண்டு. முயலும் எலியும் கலந்தது போல் இருக்கும். அதற்குத் தமிழில் சீமைப் பெருச்சாளி என்று பெயர். இங்கிலீஷில் "கினி பிக்". கினி என்பது ஆப்பிரிக்கக் கடற்கரை. பிக் என்பது பன்றி. அந்தப் பிராணியோ தென் அமெரிக்காவைச் சேர்ந்தது! அது பன்றியும் இல்லை, பெருச்சாளியும் இல்லை. கினியும் அதன் ஊர் இல்லை, சீமையும் இல்லை. இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து ஒரு வாயில்லாப் பிராணியின் பிறப்புச் சான்றிதழை மாற்றி எழுதிவிட்டார்கள்.

நம்முடைய "சீமை" போல இங்கிலீஷிலும் ஒரு பழஞ்சொல் இருந்தது. "வெல்" என்று தொடங்கும் அந்தச் சொல்லுக்கு அந்நியன் என்று பொருள். வால்நட் என்கிறோமே, அந்தப் பருப்பின் பேருக்கு அந்நியக் கொட்டை என்று அர்த்தம். நாம் பேர் வைத்திருந்தால் சீமைக் கொட்டை என்று வைத்திருப்போம். இதே சொல்லில் இருந்துதான் வேல்ஸ் என்ற நாட்டின் பேரும் வந்தது. வேல்ஸ் மக்கள் யார்? இங்கிலீஷ்காரர்கள் சுமார் 1,500 வருஷங்களுக்கு முன்பு கடல் கடந்து வந்து குடியேறுவதற்கு முன்பே அந்தத் தீவில் இருந்தவர்கள்! வந்தவர்கள், இருந்தவர்களைப் பார்த்து "அந்நியர்" என்றார்கள். அந்தப் பேர் நிலைத்துவிட்டது. வேல்ஸ்காரர்கள் தங்களைத் தங்கள் மொழியில் "கம்ரி" என்கிறார்கள். நம்ம நாட்டுக்காரர் என்று பொருள்.

கடைசியாக வந்த துறைமுகம்

தூரத்துப் பேர்கள் ஏன் இப்படித் தப்பிப் போகின்றன?

வான்கோழியைப் பாருங்கள். அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். இங்கிலீஷில் அதற்கு "டர்க்கி" என்று பேர். துருக்கி வியாபாரிகள் கொண்டு வந்த பறவை என்று எண்ணிவிட்டார்கள். சரி, துருக்கியில் என்ன பேர்? "ஹிந்தி"! அதாவது இந்தியாவில் இருந்து வந்தது. பிரெஞ்சுக்காரரும் இந்தியாவைச் சேர்த்தே பேர் வைத்தார்கள். போர்ச்சுக்கீசியர் "பெரு" என்றார்கள். அது தென் அமெரிக்க நாடு ஒன்றின் பேர். ஆளுக்கு ஒரு திசையைக் கை காட்டினார்கள்.

நம் ஊர்ச் சமாசாரத்துக்கு வருவோம். வட மாவட்டங்களில் நிலக்கடலையை மணிலாக் கொட்டை என்பார்கள். பேச்சில் அது மல்லாட்டை ஆகிவிட்டது. மணிலா, பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். கடலையின் பிறந்த மண் தென் அமெரிக்கா. கரிசலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய கம்போடியாப் பருத்தியும் அப்படியே. அது அமெரிக்க இனம். கம்போடியா வழியாக வந்ததால் கம்போடியாப் பருத்தி.

இவற்றை எல்லாம் தூக்கி அடிக்கும் ஒரு செடி நம் மானாவாரி நிலத்திலேயே விளைகிறது. அதன் பேர் நிலாவாரை. சில ஊர்களில் அவுரி என்றும் சொல்வார்கள். இலையைக் காய வைத்து மலச்சிக்கலுக்கு மருந்தாகக் கொடுப்பார்கள். தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் பல நாடுகளுக்குப் போகிறது. அரேபியப் பக்கத்துச் செடி அது. நம் பழைய அகராதியில் அதற்குப் பேர் சூரத்து நிலாவாரை. சூரத்துத் துறைமுகத்தில் இருந்து வந்தது என்று நாம் நினைத்தோம். வெள்ளைக்காரன் வைத்த பேர் "டின்னவேலி சென்னா". டின்னவேலி என்றால் திருநெல்வேலி! தூத்துக்குடியில் இருந்து மூட்டை வந்ததால் அவனுக்கு அது திருநெல்வேலிச் செடி.

கண்டுபிடித்துவிட்டீர்களா? பேர் வைக்கிறவன், பொருள் எங்கே பிறந்தது என்று பார்ப்பது இல்லை. தன்னிடம் எந்த வழியாக வந்தது என்றுதான் பார்க்கிறான். அதற்கு முந்தின பயணம் அவனுக்குத் தெரியாது.

அது மட்டும் இல்லை. நாம் இங்கிலாந்தைச் சீமை என்றோம். அவர்களுக்கு நாமே சீமை. ரெயிலில் கோவில்பட்டியைத் தாண்டித் தூத்துக்குடி போய், அங்கே இருந்து கப்பல் ஏறிய நம் கரிசல் பருத்தி, லிவர்பூல் சந்தையில் டின்னவேலிப் பருத்தி என்று விலை பேசப்பட்டது. அதை விலை பேசிய வியாபாரிக்குத் திருநெல்வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா? டிம்பக்டுவுக்குப் பக்கத்தில் என்று நினைத்தாரோ என்னவோ!

வீட்டுக்கு வைத்த அந்நியப் பேர்

வடக்கே நம் "சீமை"க்கு ஒரு சகோதரன் உண்டு. "விலாயத்". அரபு மொழியில் அதற்கு மாகாணம், பிரதேசம் என்று பொருள். இந்தியாவில் அது பிற தேசத்தையும், பிறகு இங்கிலாந்தையும் குறித்தது. நம் சொல் நடந்த அதே வழியில் அந்தச் சொல்லும் நடந்திருக்கிறது.

இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தச் சொல்லைக் கேட்டார்கள். நாக்குத் திரும்பாமல் "பிளைட்டி" என்றார்கள். 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரில், பிரான்ஸ் நாட்டுச் சேற்றுப் பள்ளங்களில் கிடந்த இங்கிலீஷ் சிப்பாய்கள் வாயில் எல்லாம் அந்தச் சொல்தான். ஊருக்கு அனுப்பி வைக்கிற அளவுக்குக் குண்டுக் காயம் பட்டால், அந்தக் காயத்துக்கே "பிளைட்டி" என்று பேர். காயத்தை எண்ணி மகிழ்ந்தார்கள். அம்மாவைப் பார்க்கலாம் அல்லவா?

இந்தியன் "அந்நிய நாடு" என்று சொன்ன சொல், வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு "என் வீடு" என்று ஆகிவிட்டது!

முள்ளில் ஒட்டிய பேர்

கரிசலில் இன்று சீமை என்றதும் யாரும் இங்கிலாந்தை நினைப்பது இல்லை. சீமைக் கருவேலத்தைத்தான் நினைப்பார்கள். வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள். வடக்கே அதற்கு "விலாயத்தி பபூல்" என்று பேர். அதே அர்த்தம்! மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று பரப்பினார்கள். கண்மாயில் நுழைந்தது. ஓடையில் நுழைந்தது. தரிசாகக் கிடந்த காட்டில் எல்லாம் நுழைந்தது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. 2022இல் தமிழக அரசு, அந்நியச் செடிகளை ஒழிக்கக் கொள்கை வகுத்தது. மரம் இன்னும் நிற்கிறது.

ஆனால், மழை பொய்த்த வருஷத்தில் இந்த மரம்தான் அடுப்பெரித்தது. வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்ற குடும்பங்கள் விளாத்திகுளம் பக்கம் ஏராளம். நிலம் இல்லாதவனுக்கு அது கூலி. நிலம் உள்ளவனுக்கு அது சனியன். இரண்டு பேரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். எனக்கும் இதில் யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. கண்மாய்க்குள் நிற்பதையாவது முதலில் வெட்டலாம்.

கடல் கடந்து வந்த எல்லாமே சீமைப் பேரோடு நின்றுவிடவில்லை என்பதையும் பாருங்கள். மிளகாய் அமெரிக்காவில் இருந்து போர்ச்சுக்கீசியர் மூலம் வந்தது. இன்று முண்டு வற்றல் இல்லாமல் கரிசலில் குழம்பு இல்லை. அதை யாராவது சீமை மிளகு என்று சொல்கிறார்களா? நாக்குக்குப் பிடித்துவிட்டது. சொந்தம் ஆகிவிட்டது.

மனிதர்கள் கதையும் இதேதான். தெலுங்கு நாட்டில் இருந்து நடந்தே வந்து, இந்தக் கரிசலைத் திருத்திக் குடியேறிய மக்களின் கதையைக் கி.ராஜநாராயணன் "கோபல்ல கிராமம்" என்ற நாவலாக எழுதினார். அவர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவல்காரர். 2021இல் காலமானார். கரிசல் மக்கள் பேசும் சொற்களைத் தேடித் தேடி அகராதி போட்டவரும் அவர்தான். வீட்டில் தெலுங்கு பேசியவர்!

கோவில்பட்டிக் கடலை மிட்டாயைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்து கோவில்பட்டிப் பேர் போட்டு விற்கக் கூடாது. கரிசலில் விளைந்த கடலை. தேனிப் பக்கத்து வெல்லம். தென் அமெரிக்காவில் பிறந்து, மணிலா என்று பேர் வாங்கி, கடைசியில் கோவில்பட்டிக்காரன் ஆகிவிட்டது அந்தக் கடலை!

அதே ஊர்த் தீப்பெட்டித் தொழிலுக்கு வந்த தொல்லையும் தூரத்தில் இருந்துதான் வந்தது. அதற்குப் பேர் சீன லைட்டர். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு 2023இல் தடை போட்டது. முன்பாக இருந்தால் அதைச் சீமை லைட்டர் என்றிருப்பார்கள். இப்போது மக்களுக்கு எந்த நாடு என்று தெரிந்திருக்கிறது.

ஒரு வழியாக அன்று அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உளுந்து புடைத்துக்கொண்டு இருந்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எந்தச் சீமையில இருந்து வாரீக தம்பி?"

"மெட்ராஸ், பாட்டி."

"ஆத்தாடி, அம்புட்டுத் தூரத்துல இருந்தா!" என்று சொல்லிவிட்டு, இன்னொரு செம்பு தண்ணீர் எடுத்து வர உள்ளே போனார்.